தரவைப் புல்லு சும்மா இல்லை: கன்று போடாத மாடுகளோடு நான் பட்ட பாடு

கன்று போடாத ஒரு பசுவுக்கு வருடம் எவ்வளவு செலவாகிறது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "தரவையில புல்லுத்தானே தின்னுது, அதுக்கென்ன செலவு?" தரவை என்றால் மாடு மேய்கிற திறந்த புல்வெளி. 2021இல் பெரியப்பா கொரோனாவில் போன பிறகு அவருடைய பட்டி என் தலையில் வந்து விழுந்தபோது, எனக்கும் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். மூன்று வருடம் போய், என் சொந்தக் கடைக் காசில் ஏழு லட்சத்துக்கு மேல் அந்தத் தரவைக்குள் கரைந்த பிறகுதான் கணக்கு எனக்கு விளங்கியது. பால்மாடு வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, காலையில் லீற்றர் கணக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடும். இறைச்சிக்கு நாம்பன் (இளம் ஆண்மாடு) விற்கிற பட்டிக்காரனுக்கு அப்படி யாரும் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன், பட்டி வைத்திருப்பவர்கள், அல்லது என்னைப் போல ஒரு பட்டியைச் சுமக்க வந்தவர்கள் வாசியுங்கள்.

முதலில் எங்கள் பட்டி எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் தென்மராட்சியில் அறுகுவெளி, தனங்கிளப்புப் பக்கத்து வெளியில் மேய்கிற ஊர் மாடுகள். காலபோகம் (மாரிமழை நெல்லு) விதைத்தவுடன் வயலைச் சுற்றி மாடு நிற்க முடியாது, அப்போது சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரிப் பக்கம் கொண்டுபோவோம், அறுவடை முடிந்தால் திரும்ப வந்து வயலில் தாளும் புல்லும் மேயும். பால் கறப்பதில்லை, கன்று குடிக்கிறதோடு சரி. வருமானம் இரண்டுதான்: இரண்டு, இரண்டரை வயது நாம்பனை யாபாரிக்கு விற்கிற காசும், எரு விற்கிற காசும். நான் பொறுப்பெடுத்தபோது சின்னதும் பெரிதுமாக அறுபது தலை. அதில் முப்பத்தெட்டு பெரிய பசு. மாடு பார்க்கிற ஐயாவுக்குச் சம்பளம் தலைக்கு இவ்வளவு என்று, பெரியப்பா காலத்துப் பேச்சு. 2023இல் அது ஒரு தலைக்கு மாதம் 750 ரூபாய். எனக்குக் கொடிகாமத்தில் சின்ன ஹார்ட்வெயார் கடை ஒன்று இருக்கிறது, கிழமையில் ஒருநாள் மோட்டச்சைக்கிளில் போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

முதல் வருடம் நட்டம் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் எரு. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள் அல்லவா, அந்தக் காலத்தில் வலிகாமத்து வெங்காயத் தோட்டக்காரர்களும் புகையிலைக்காரர்களும் மாட்டெருவுக்காக வரிசையில் நின்றார்கள். ஓர் உழவு மெசின் (ட்ரக்டர்) பெட்டி எருவுக்கு முந்தி நாங்கள் கேட்கவே வெட்கப்பட்ட விலையை அவர்களாகவே தந்தார்கள். ஊர் மாடு ஒன்று ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ அளவில் பச்சைச் சாணம் போடும், இரவு பட்டியில் விழுகிறது மட்டும் நமக்கு. கன்று போட்ட மாடென்ன, போடாத மாடென்ன, சாணம் ஒன்றுதான். அதனால் அந்த வருடம் எல்லா மாடும் உழைக்கிற மாடு போலத் தெரிந்தது. அடுத்த வருடம் உரம் திரும்ப வர, எரு விலை இறங்க, டீசல் இல்லாமல் போக, வைக்கல் விலை ஏற, உண்மை மெல்ல மெல்ல வெளியே வந்தது.

2022 மார்கழி ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. மாண்டஸ் புயல் நேரம் வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. எங்கள் பட்டியிலும் செத்தது. காலையில் போனால் ஈரத்தில், நாலு காலும் ஒரு பக்கம் நீட்டியபடி கிடக்கின்றன, பக்கத்தில் கன்று நின்று மடியை முட்டுகிறது. எத்தனை என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் எவை செத்தன என்பதை எழுதத்தான் வேண்டும். செத்ததெல்லாம் கன்று போட்டு ஒரு மாதம், ஒன்றரை மாதமான தாய்மாடுகள். உள்ள கொழுப்பையெல்லாம் பாலாக இறக்கிவிட்டு விலா எலும்பு தெரிய நின்றவை. கன்று போடாத மாடுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. அவை கொழுத்து, தோல் மினுங்க, குளிரில் ஒரு நடுக்கமும் இல்லாமல் நின்றன. பட்டியைப் பார்க்க வருகிற ஆட்கள் "இது நல்ல மாடு" என்று கைகாட்டுகிற மாடுகளும் அவைதான். ஒன்றையும் வயிற்றில் சுமக்காமல், ஒன்றுக்கும் பால் கொடுக்காமல் தின்கிறதெல்லாம் தன் உடம்பில் வைத்திருக்கிற மாடு வடிவாகத்தானே இருக்கும்! ஆக, பட்டியில் கண்ணுக்கு அழகான மாட்டை முதலில் சந்தேகப்படுங்கள். கடைசியாக எப்போது கன்று போட்டது என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகுதான் புல்லு சும்மா இல்லை என்பது எனக்கு உறைத்தது. ஒரு மாடு தன் உடம்பு நிறையில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு உலர்தீனி ஒரு நாளைக்குத் தின்னும். 200 கிலோ ஊர் மாட்டுக்கு அது நாலு, ஐந்து கிலோ, பச்சைப் புல்லாகப் பார்த்தால் இருபது கிலோ வரும். மழைக்காலத்தில் யாருக்கும் குறையில்லை. ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை எங்கள் வெளி காய்ந்து கிடக்கிறபோது, இருக்கிற கொஞ்சப் புல்லை முதலில் போய் மேய்கிறது பலமான மாடு. அது எது? அந்தக் கொழுத்த மாடுதான். தொட்டியில் வைக்கல் போட்டாலும் கொம்பால் குத்தித் தள்ளிவிட்டு முன்னுக்கு நிற்பது அதுதான். கன்றோடு நிற்கிற இளம் மாடு பின்னுக்கு நின்று மிச்சத்தைத் தின்கிறது. அது மெலிய, சினைக்கு வராமல் போக, அடுத்த வருடம் அதுவும் கன்று போடாத கணக்கில் சேர்கிறது. அதாவது பன்னிரண்டு மாடு சும்மா நின்றால் நட்டம் பன்னிரண்டோடு நிற்பதில்லை.

பன்னிரண்டு என்று எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். 2024 வைகாசிக் கடைசியில் மாட்டு டொக்டர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து எல்லாப் பசுவையும் சினையோ என்று கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னேன். தரவை மாட்டைச் சும்மா பிடிக்க முடியாது, உதைத்துக் கையை முறித்துவிடும். இரண்டு பக்கமும் பனங்குத்தி நட்டு, ஒரு மாடு மட்டும் நுழையக்கூடிய ஒடுக்கமான வழி ஒன்று செய்தோம், முன்னுக்கு ஒரு குறுக்குத்தடி, பின்னுக்கு ஒரு குறுக்குத்தடி. செலவு என்று பெரிதாக இல்லை, அதைச் செய்த நாளிலிருந்து குறி சுடுவது, பூச்சிமருந்து பருக்குவது எல்லாமே பாதி நேரத்தில் முடிகிறது, பட்டி வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். டொக்டர் தோள்வரை பொலித்தீன் கையுறை போட்டு, கையை உள்ளே விட்டு, எங்கேயோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு ஒரு சொல்: "மூண்டு மாசம்." அடுத்தது: "ஐஞ்சு." அடுத்தது: "வெறும்." நான் கொப்பியில் எழுத, தம்பியின் மகன் சினைமாட்டின் பின்பக்கத்தில் நீலப் பெயின்றும் வெறும் மாட்டில் சிவப்பும் பூசிக்கொண்டு போனான். காலில் சாணம், கையில் பெயின்று, பெடியனுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லாதது சந்தோஷம். மத்தியானம் முடியும்போது கொப்பியில் இருந்தது இதுதான்: சின்னக் கன்றோடு நிற்பது பதினேழு, சினை ஒன்பது, இரண்டும் இல்லாதது பன்னிரண்டு.

மாடு பார்க்கிற ஐயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வேப்பமரத்தடியில் இருந்தார். டொக்டர் "வெறும்" என்று சொல்லும் முன்னமே, "உது வெறும்" என்று அவர் வாய் அசைவதை நான் கண்டேன். கேட்டேன், ஐயா உங்களுக்கு இது முந்தியே தெரியுமோ என்று. "தெரியாமலோ தம்பி? நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை." எனக்குச் சரியான கோபம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவரில் என்ன பிழை? தலைக்கு 750 ரூபாய் சம்பளம். ஒரு தலை குறைந்தால் அவருக்கு 750 ரூபாய் குறையும். கன்று போடாத மாடு அவருக்கு மிக நல்ல மாடு, கன்றைத் தேடி அலையத் தேவையில்லை, புண்ணுக்கு மருந்து கட்டத் தேவையில்லை, சம்பளம் மட்டும் வரும்.

அன்றிரவு கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 2023இல் பட்டிக்குப் போன காசு: சம்பளம் 540,000. கோடையில் பெரிய பசுக்களுக்கு வாங்கிய வைக்கல், மாட்டுக்குப் பதினைந்து கட்டு வீதம், கட்டு 350 ரூபாய், ஏறக்குறைய 200,000. மருந்து, பூச்சிமருந்து, உப்புக்கட்டி எல்லாமாக 60,000. மாடு வயலுக்குள் இறங்கியதற்குக் கட்டிய தண்டமும் லொறிக் கூலியும் 50,000. மொத்தம் எட்டரை லட்சம். வந்த காசு: நாம்பன் ஆறு, சராசரி 70,000 வீதம் 420,000, எரு 160,000. கையால் போட்டது 270,000. ஒரு பெரிய பசுவுக்கு வருடச் செலவு 16,000 வருகிறது, அந்தப் பன்னிரண்டுக்கும் 192,000. என் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்தப் பன்னிரண்டின் வயிற்றுக்குள் இருந்தது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒரு நாம்பனை விற்கிற வயதுவரை வளர்க்க அதற்கென்று 25,000 அளவில் போகிறது என்று வையுங்கள். தாய் வருடம் ஒரு கன்று போட்டால், தாயின் ஒரு வருடச் செலவு 16,000உம் அதுவும் சேர்ந்து 41,000, விலை 70,000, கையில் 29,000 நிற்கும். இரண்டு வருடத்துக்கு ஒன்று போட்டால் 57,000 செலவு, 13,000 மிஞ்சும். மூன்று வருடத்துக்கு ஒன்று போட்டால் 73,000 செலவு, விற்ற அன்றே 3,000 நட்டம். கன்று சாகாமல், பாம்பு கடிக்காமல், களவு போகாமல் வந்தால்தான் இந்தக் கணக்கும். பிறக்கிறதில் பாதி பசுக்கன்று, அதை விற்கவும் மனம் வராது. ஆகவே "இது மலடில்லை, போன முன் வருஷம் போட்டது" என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீர்கள். மாட்டுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதமும் ஒரு கிழமையும் அளவில். வருடம் ஒரு கன்று என்றால், கன்று போட்டு இரண்டரை, மூன்று மாதத்துக்குள் திரும்ப சினைப்பட வேண்டும். தரவையில் அது எல்லா மாட்டுக்கும் நடக்காது, ஆனால் எத்தனை மாதம் தள்ளிப்போகிறது என்று ஒவ்வொரு மாட்டுக்கும் கொப்பியில் எழுத்து இருக்கவேண்டும். எழுத்து இல்லாத பட்டியில் மலட்டு மாட்டுக்குக் கவலை இல்லை. உங்கள் ஆளுக்கு மாதச் சம்பளம் தலைக்கணக்கில் இல்லாமல் மொத்தமாக என்றால், ஒரு மாட்டை விற்பதால் சம்பளம் குறையாது, அந்த இடத்துக்கு ஒரு நாகு (இன்னும் கன்று போடாத இளம் பசு) வந்தால்தான் மிச்சம் தெரியும். அதையும் மனதில் வைத்துக் கணக்கைப் போடுங்கள்.

சரி, பன்னிரண்டையும் உடனே ஏற்றிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். டொக்டர் மறித்தார். "அவசரப்படாதையுங்கோ, இதில நாலு மாடு மலடில்லை, பசி." முதற்கன்று போட்ட இளம் மாடுகள். தாங்களே இன்னும் வளர்கிற வயது, அதோடு கன்றும் ஏழெட்டு மாதமாகப் பால் குடிக்கிறது, இடுப்பெலும்பு கையில் பிடிக்கலாம் போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த உடம்பில் சூலகம் வேலையை நிறுத்திவிடும் என்றார். கன்றைப் பிரித்தோம், எள்ளுப் பிண்ணாக்கும் தவிடும் கனியுப்பும் தனியாகக் கட்டிவைத்துக் கொடுத்தோம், கோடைக்குக் கிளிரிசிடியா குழையும் பனையோலையும் வெட்டிப் போட்டோம். மாட்டுக்கு எண்ணாயிரம் அளவில் மேலதிகமாகப் போனது. நாலில் மூன்று சினைப்பட்டன. இதே மாடுகளைத்தான் அதற்கு முந்திய புரட்டாதியில் யாபாரி "எலும்பு" என்று சொல்லி 32,000க்குக் கேட்டுக்கொண்டு நின்றவர். எல்லாப் பட்டியிலும் கோடையில் காசு முடை வந்தால் போகிறது இந்த மெலிந்த இளம் மாடுதான், கொழுத்த மலடு பட்டிக்கு அழகு என்று நிற்கும்.

மிச்சம் எட்டு. அதில் மூன்று பல்லுப் போன கிழடுகள், வாயைத் திறந்து பார்த்தால் முன்பல்லு முரசோடு தேய்ந்து கிடந்தது. இரண்டு, சினைப்பட்டும் காலத்துக்கு முன்னமே கன்று வீசுகிறவை (கரு கலைகிறவை). இவற்றின் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லி டொக்டர் கட்டாயப்படுத்தினார், கன்றுவீச்சுக்குக் காரணமான புரூசெல்லோசிஸ் மனிதருக்கும் தொற்றும், வீசிய கன்றையும் கொடியையும் நாங்கள் வெறுங்கையால் தூக்கி எறிந்தவர்கள். நல்லகாலம், இல்லை என்று வந்தது. இனி அப்படிக் கையால் தொடாதீர்கள், கையுறை போட்டு ஆழமாகப் புதையுங்கள், நாய் இழுக்க விடாதீர்கள். இன்னும் இரண்டு, காளையோடு நின்றும் பிடிக்காதவை, அதில் ஒன்றுக்குச் சூலகத்தில் பிரச்சினை, ஊசி ஒன்று போட்டதும் சரிவந்து சினைப்பட்டது. மற்றதற்கு ஒன்றும் பலிக்கவில்லை.

எட்டாவது மாடுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. ஏழு வயது, பட்டியிலேயே பெரிய மாடு, சிவலை, நெற்றியில் வெள்ளை. ஒருநாளும் கன்று போட்டதில்லை. டொக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இது இரட்டைக்கண்டோ?" என்று கேட்டார். ஐயா மரத்தடியிலிருந்து, "ஓம், கூடப் பிறந்தது நாம்பன்" என்றார். பசுக்கன்றும் நாம்பன்கன்றும் ஒரே வயிற்றில் இரட்டையாக வந்தால், இரத்த ஓட்டம் ஒன்றோடொன்று கலந்து, அந்தப் பசுக்கன்று பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகத்தான் வளரும், கர்ப்பப்பை சரியாக உருவாகாது. பிறந்த அன்றே தெரிந்திருக்கக்கூடிய விசயம். மூன்று வயதில் விற்றிருந்தால்கூடப் பிறகு வந்த நாலு வருடச் செலவு மிச்சம். உங்கள் பட்டியில் இப்படி ஓர் இரட்டை பிறந்தால் அந்தப் பசுக்கன்றுக்கு அன்றே காதில் அடையாளம் போட்டு, நாம்பனோடு சேர்த்து விற்கிற கணக்கில் வளருங்கள்.

காளையையும் பார்க்கச் சொன்னார், நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் முதலில் பார்த்திருக்கவேண்டும். முப்பத்தெட்டுப் பசுவுக்கு இரண்டு காளை, அதில் ஒன்றுக்குப் பின்கால் நொண்டி, ஏறமுடியாது, மற்றது தன் சொந்த மகளோடும் பேத்தியோடும் நிற்கிறது. காளை சரியில்லாவிட்டால் பட்டி முழுவதும் மலடு போலத் தெரியும், நல்ல மாட்டையெல்லாம் விற்றுத் தீர்த்துவிடுவீர்கள். மகள்கள் நாகு வயதுக்கு வரும் முன் காளையை மாற்றவேண்டும், விலைக்கு வாங்கக் காசில்லாவிட்டால் இன்னொரு பட்டியோடு மாற்றிக்கொள்ளலாம், நாங்கள் பூநகரியில் ஒருவரோடு அப்படித்தான் செய்தோம்.

இனி விற்பனை. இங்கேதான் வீட்டுச் சண்டை தொடங்கியது. அம்மா பட்டிப்பொங்கலுக்குக் கொம்புக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிற ஆள். "பெரியப்பா ஒரு மாட்டையும் கத்திக்குக் குடுக்கேல்லை" என்று அழுதா. பெரியப்பா வருடாவருடம் மாடு விற்றவர்தான். யாபாரி "வளர்ப்புக்கு" என்று சொல்லி வாங்குவார், இவரும் "வளர்ப்புக்கோ?" என்று கேட்பார், அவரும் "ஓம்" என்பார், பல்லில்லாத மாட்டை யார் வளர்ப்புக்கு வாங்குகிறது? இந்தச் சடங்கு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது, நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சடங்குக்கு ஒரு விலை இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு விற்கிறீர்கள் என்று யாபாரிக்குத் தெரியும், நிறையைப் பற்றிப் பேசமாட்டீர்கள் என்றும் தெரியும், அதனால் அவர் சொன்னதுதான் விலை. விற்க மனமில்லை என்றால் விற்காதீர்கள், அதுவும் ஒரு முடிவு, அதற்கு வருடம் 16,000 என்று எழுதிவையுங்கள். வீட்டு வளவில் ஒன்றிரண்டு மாடு வைத்து, எருவைத் தோட்டத்துக்குப் போட்டு, வாழைத்தண்டும் பூவரசங்குழையும் கொடுக்கிறவருக்கு அந்தச் செலவே பெரிதாக வராது. பட்டிக்கு அது பொருந்தாது. விற்கிறதென்றால் விற்கிற ஆளாக நின்று விற்கவேண்டும். நாங்கள் கிழடுகளில் ஒன்றை அம்மாவுக்காக வளவுக்குக் கொண்டுவந்து கட்டினோம், மற்ற ஆறையும் விற்றோம்.

நிறை பார்க்கத் தராசு தேவையில்லை, தையல்காரரின் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள் மூட்டிலிருந்து பின் இடுப்பெலும்பு முனைவரை எத்தனை அங்குலம் என்று அளவுங்கள். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் பிரித்தால் கிலோ வரும். நெஞ்சு 55, நீளம் 45 என்றால் 206 கிலோ. இதில் இறைச்சியாக வருவது பாதிக்கும் குறைவு. கடையில் கிலோ என்ன விலை என்று கேட்டு வையுங்கள், யாபாரியின் லொறி, கழிவு, இலாபம் எல்லாம் கழித்தால் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று உங்களுக்கே விளங்கும். நான் நாடாவை எடுத்தவுடன் யாபாரி சிரித்தார். "தம்பி, மாடு தைக்கப் போறீங்களோ?" ஆனால் முதலில் 50,000 என்று கேட்ட சிவலைக்கு 92,000 தந்துதான் ஏற்றினார். ஆறும் சேர்ந்து நாலரை லட்சம் வந்தது. மொத்தமாக ஒரு விலை பேச விடாதீர்கள், நல்ல மாட்டின் விலையை மெலிந்த மாட்டின் தலையில் கட்டிக் குறைத்துவிடுவார்கள், ஒவ்வொன்றாகப் பேசுங்கள். ஏற்றிய பிறகு "காசு கொஞ்சம் குறையுது" என்று தொடங்குகிறவர்களும் உண்டு, காசை எண்ணி வாங்காமல் பலகையை ஏற்ற விடாதீர்கள். "தடை வருது, இனி ஒருத்தரும் வாங்கமாட்டினம்" என்று பயங்காட்டுவதும் பழைய தந்திரம், 2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடைசெய்ய அமைச்சரவை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்கிறோம். அதே வருடக் கடைசியில் தோல் கழலை நோயும் வந்து மாடு ஏற்றியிறக்குவது நின்றபோது பெரியப்பாவும் இப்படிப் பயந்துதான் இரண்டை அரை விலைக்கு விட்டவர்.

காலமும் முக்கியம். வடகீழ்ப் பருவமழைப் புல்லும் அறுவடைத் தாளும் தின்று மாசி, பங்குனி, சித்திரையில் மாடு திரண்டிருக்கும். ஆவணி, புரட்டாதியில் அதே மாடு முப்பது, நாற்பது கிலோ இறங்கி நிற்கும், எல்லாரும் விற்க நிற்கிறதால் விலையும் இறங்கும். ஆனால் மாசியில் சினை பார்த்தால் அப்போதுதான் காளைக்குப் போன மாடு தெரியாது, இரண்டு மாதமாவது ஆகவேண்டும். வைகாசிக் கடைசியில் பார்த்து ஆனி முதற்பாதியில் விற்பது எனக்குச் சரியாக வந்தது. உடம்பும் அவ்வளவாக இறங்கியிராது, கோடை வைக்கலும் மிச்சம். உரிமைப் பத்திரம், கிராம சேவையாளர் கடிதம், கால்நடை வைத்தியரின் சான்றிதழ் எல்லாம் எங்களிடம் கேட்டார்கள், குறியும் காதுத் தோடும் (காதில் குத்துகிற இலக்கத் தகடு) பத்திரத்தோடு ஒத்துப்போகவேண்டும், பெரியப்பாவின் பெயரில் இருந்ததை என் பெயருக்கு மாற்றுவதிலேயே ஒரு மாதத்துக்கு மேல் போனது. பட்டியை வாரிசாக எடுப்பவர்கள் அந்த வேலையை முதல் கிழமையே தொடங்குங்கள், விற்க நிற்கிற நேரம் தொடங்கினால் புரட்டாதி வந்துவிடும்.

வந்த காசில் ஐந்து சினை நாகு வாங்கினேன், மிச்சத்தில் கோடைக்கு வைக்கலை அறுவடை நேரத்திலேயே வயலில் நின்று வாங்கி அடுக்கினேன், கட்டு ஏறக்குறைய பாதி விலை. போன வருடம் கையால் போட்ட காசு நாற்பதாயிரத்துக்குள் நின்றது. இலாபம் என்று இன்னும் சொல்லமாட்டேன்.

கடைசியாக ஐயாவின் சம்பளத்தை மாற்றினேன், இதைத்தான் முதலே செய்திருக்கலாம் என்று இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். தலைக்கணக்கை விட்டு மாதம் ஒரே சம்பளம், பெரிய வித்தியாசம் இல்லாமல். அதற்கு மேல், பிறந்து மூன்று மாதம் உயிரோடு நின்று காதுத் தோடு போடுகிற ஒவ்வொரு கன்றுக்கும் நாலாயிரம். முதலில் முகத்தைச் சுழித்தார். இப்போது எந்த மாடு எப்போது காளைக்குப் போனது, எது திரும்ப வந்தது என்று நான் கேட்காமலே போன் எடுத்துச் சொல்கிறார், மலடென்று சந்தேகம் வந்தால் அவரே, "தம்பி, உதைப் பாத்து விடுங்கோ, சும்மா தின்னுது" என்கிறார். ஒரு விசயம் மட்டும் இன்னும் தீரவில்லை. இரட்டைக்கண்டு வந்தால் எட்டாயிரமோ என்று கேட்டார். பசுவும் நாம்பனும் சேர்ந்து வந்தால் நாம்பனுக்கு மட்டும்தான் நாலாயிரம் என்றேன். அது அநியாயம் என்று நிற்கிறார், ஒரு பசு இப்போது வயிறு கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிகிறது.